சேவலை என்ன செஞ்சாங்க?

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அந்த வீட்டில் இரண்டே இரண்டு கேள்விகள்தான் வந்தன. முதல் கேள்வி அம்மாவுடையது.

"முடிஞ்சிருச்சா? அந்தப் பிள்ள என்னய்யா ஆச்சு?"

இரண்டாவது அப்பாவுடையது. படம் ஓடிய நேரமெல்லாம் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, தினசரியை விரித்துப் பிடித்தபடி, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"அந்தச் சேவலை என்ன செஞ்சாங்க?"

"தெரியலப்பா. காட்டல."

"ம்."

பேப்பரை நாலாக மடித்து ஜன்னலில் செருகிவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். லேப்டாப்பையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு வந்து, டிவியோடு பொருத்தி, தீபாவளிக்கு மறுநாள் எல்லோரையும் உட்கார வைத்த சின்ன மகனுக்கு முகம் தொங்கிப்போனது. 2024 ஐப்பசி. வெளியே கோவில்பட்டிக்கே உரிய அரைகுறை மழை. தெருவெல்லாம் வெடித்த பேப்பர், அதன்மேல் கரிசல் சகதி.

படம் 'கொட்டுக்காளி'. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. அந்த வருடம் பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 23ஆம் தேதி தியேட்டருக்கு வந்து, பிறகு ஓடிடிக்கு வந்தது. ஏமாந்தவர்கள் நிறையப் பேர். தியேட்டரில் பார்த்த பலருக்கு 'முடிவே இல்லையே' என்று ஏமாற்றம். சூரி நடித்த படம் என்று சிரிக்கப் போனவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் (2023இல் 'விடுதலை' வந்தபிறகும் இப்படிப் போனவர்கள் உண்டு). ஆனால் இந்தச் சின்ன மகனின் ஏமாற்றம் அந்த ரகம் இல்லை. மெதுவாக நகரும் படங்களை அவன் நிறையப் பார்த்தவன். கல்லூரி விடுதியில் ராத்திரி ஒரு மணிக்கு ஈரானியப் படம் போட்டு அறைத்தோழனிடம் திட்டு வாங்கியவன். அவனுடைய எதிர்பார்ப்பு வேறு. அதைச் சொல்ல அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா முப்பது வருடம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். (கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ்தான்.) அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அதே மாதிரி ஓர் ஆபீஸில் குச்சி அடுக்கப் போனவர். மூத்த பெண் 2015இல் தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். வேறு சாதி. அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை, ஆள் சேர்க்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றுபோன வீடு என்றால் சத்தமில்லாத வீடு என்று சினிமாக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சுவரை வெறிப்பார்கள். மின்விசிறி சுற்றும். கரிசல் பக்கத்து வீடுகளில் அப்படி நடப்பதில்லை. பேச்சு நின்ற பிறகுதான் அங்கே சத்தம் கூடுகிறது. குடத்தை 'ணங்'கென்று வைப்பது ஒரு வாக்கியம். மாட்டைப் பார்த்து, "உனக்கென்ன, தின்னுட்டுப் படுத்துக்கிடு, எவ எப்படிப் போனா என்ன" என்பது ஒரு வாக்கியம். சாடை பேசுவது என்று இதற்குப் பெயர். மூன்று வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "உங்க தாத்தாட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்று ஒரு ஆள் சொல்ல, ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தாத்தா, "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு" என்பார். பிள்ளை வாயே திறக்காது. செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு பங்காளிகள் இருபது வருடம் பேசாமல் இருந்துகொண்டு, ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்த ஊர்கள் உண்டு. பேசாமல் எப்படி முறை வைத்தார்கள்? அதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கும், அதற்கென்று ஒரு ஆள் இருப்பான்.

இந்த வீட்டிலும் ஏற்பாடு இருந்தது. மகள் கூப்பிட்டால் அம்மா போனைக் காதில் வைப்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "காது சரியாக் கேக்கல" என்பார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்பா அந்த நேரத்தில் எழுந்து போவதும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் அவரே, யாரையும் பார்க்காமல், "மழைக்காலம். வெந்நீர் குடுக்கணும்" என்பார். யாருக்கு என்று கேட்கக்கூடாது.

ரேஷன் கார்டு விஷயம் இதைவிடச் சிக்கலானது. கோயம்புத்தூரில் மருமகன் வீட்டுக் கார்டில் மகள் பெயரைச் சேர்க்க, இங்கே பெயர் நீக்கிய சான்று வேண்டும். குடும்பத்தலைவர்தான் மனுக் கொடுக்க வேண்டும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பேரை எடுத்தாத்தான் அங்க சேப்பாங்களாம்" என்றார். பதில் இல்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் காலண்டருக்குப் பின்னால் அந்தச் சான்று செருகியிருந்தது. இரண்டு மாதம் தாமதித்தது கோபத்தாலா, அல்லது அந்தப் பெயரை எடுக்க மனது வராததாலா? இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

சின்ன மகனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அக்கா பெயர் கார்டில் இருந்தவரை அவள் வீட்டில் இருப்பதாகவே அவன் கணக்கு. பெயர் போன அன்றுதான் அவள் போனாள்.

இப்படிப்பட்டவன் 2023 அக்டோபரில் வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' ஓடிடியில் வந்தபோது பார்த்தான். அது 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும்கூட. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, குடிகார அப்பன் பள்ளிக்கூடத்தில் இருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். போன இடத்தில் அவள் ஏற்கெனவே திரும்பிப் போய்விட்டாள். பையன் பஸ்ஸுக்கான ரூபாய் நோட்டைக் கிழித்துப் போடுகிறான். பிறகு வெயிலில் நடை. அப்பன் முன்னால், மகன் பின்னால். இரண்டு பேருக்கும் பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் பையன் கையில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறான். ஒரு வார்த்தை இல்லாமல் அத்தனை கோபத்தையும் சொல்லியாகிவிட்டது.

அதுதான் சாடை. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல்காட்டில் எடுத்த படம், ஆனால் கோவில்பட்டிக்காரனுக்கு அதன் பேச்சு அப்படியே புரிந்தது. இன்னொன்றும் இருந்தது. தன் உடன்பிறந்தவர் கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்ததுதான் இந்தப் படத்தின் வித்து என்று இயக்குநர் பேட்டிகளில் சொன்னார். ஒரு பெண் நடந்த தூரத்தை அவர் ஓர் ஆணை நடக்க வைத்தார். படத்தில் மனைவி கண்ணுக்குப் படவே இல்லை, ஆனாலும் அந்த நடை முழுக்க அவளுடையது.

'கூழாங்கல்' எடுத்தவர் அடுத்து, ஒரு பெண்ணின் மௌனத்தையே படமாக எடுத்திருக்கிறார், அதுவும் வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணின் மௌனத்தை, என்று தெரிந்தபோது அவன் என்ன எதிர்பார்த்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை டிவிப்பெட்டி சொல்லிவிடும் என்று நினைத்தான். சினிமாவின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் சினிமாவை நம்பி அதைவிடப் பெரிய காரியங்களில் எல்லாம் இறங்கியிருக்கிறார்கள்.

படத்தின் கதை இரண்டு வரி. மீனா கல்லூரியில் படித்தபோது ஒருவனை விரும்பியிருக்கிறாள். குடும்பம் அவளைத் தாய்மாமன் முறையுள்ள பாண்டிக்குப் பேசி வைத்திருக்கிறது. மீனா பேச்சை நிறுத்திவிட்டாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். ஒரு ஷேர் ஆட்டோ, கூடவே பைக்குகள், பலி கொடுக்க ஒரு சேவல். வழியில் நடப்பவைதான் படம். கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. பெண்பிள்ளைகளை வைகிற வார்த்தை.

நல்லவை நிறைய உண்டு. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இஞ்சின் சத்தமும் சேவல் சத்தமும்தான். ஊர்க்குரல்களும் ஊர் முகங்களும் கச்சிதம். பாண்டிக்குத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் அதட்டிக்கொண்டே வருகிறான். பேசாதவளைப் பேச வைக்கக் கத்திக் கத்தி, கத்துகிறவனுக்கே குரல் போய்விட்டது! இதை யோசித்தவர் சாதாரண ஆள் இல்லை. வழியில் ஒரு காளை ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீசை வைத்த அத்தனை பேரும் தள்ளி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். சூரி பிரமாதம்.

அப்புறம் அந்த அடி. ஒலிபெருக்கியில் போகும் ஒரு சினிமாப் பாட்டுக்கு மீனா லேசாக முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி பாய்ந்துவிடுகிறான். மீனாவுக்கும் அடி, தடுக்க வந்த பெண்களுக்கும் அடி. அந்தக் காட்சியில்தான் அம்மா எழுந்து, "உலைய வச்சிட்டு வாரேன்" என்று அடுப்படிக்குப் போனார். பகல் மூன்று மணிக்கு என்ன உலை?

பிரச்சினை மீனாவிடம் இருக்கிறது. அவளிடம் என்று கூடச் சொல்லக்கூடாது. அவளைச் செய்த விதத்தில். அன்னா பென் நல்ல நடிகை. 2019இல் வந்த மலையாளப் படம் 'கும்பளங்கி நைட்ஸ்' பார்த்தவர்களுக்கு, அதில் மச்சானுக்கு எதிராக நிமிர்ந்து நின்று பேசும் பெண்ணாக அவர் எப்படி இருந்தார் என்று தெரியும். இங்கே அவருக்கு வசனம் கிட்டத்தட்ட இல்லை. இருக்கட்டும். வசனம் இல்லாத குறையை யாரும் சொல்லவில்லை. 'கூழாங்கல்' பையனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு கொடுத்தவர், இந்தப் பெண்ணுக்கு ஒன்றையும் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. அந்தப் பாட்டு முணுமுணுப்பு ஒன்றுதான் அவளுடைய சாடை. அதற்கும் உடனே அடி விழுந்து, காட்சி பாண்டியின் கைக்குப் போய்விடுகிறது. மற்ற நேரமெல்லாம் ஆட்டோவுக்குள் ஒரு முகம். அழுத்தமான முகம், அழகான முகம், என்ன வேண்டுமானாலும் அர்த்தம் எடுத்துக்கொள்ளத் தோதான முகம்.

பேசாமல் இருக்கும் ஆட்கள் அப்படி இருப்பதில்லை. பிடிவாதம் ஒரு முழுநேர வேலை. யாருக்கு எதிராக, எதுவரைக்கும், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதற்கு ஆயிரம் கணக்கு இருக்கும். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும் பெண், தம்பி கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் தண்ணீர் குடிப்பாள். தம்பி கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று வீட்டுக்கே அப்போது தெரிந்துவிடும். மீனாவின் கட்சியில் யார்? எதிரில் யார்? அந்த ஆட்டோவில் இருக்கிற அத்தனை பெண்களில் எவள் பக்கம் அவள் சாய்ந்து உட்காருகிறாள், எவள் தோள் பட்டால் விலகுகிறாள்? படத்துக்கு இதில் அக்கறை இல்லை. பேசாத பெண் என்பது அதற்கு ஒரு கருத்து. கால் கட்டிய சேவல் மாதிரி. சேவலையும் பெண்ணையும் அது மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஆக, அப்பா சேவலைப் பற்றிக் கேட்டது அவ்வளவு சம்பந்தமில்லாத கேள்வியும் இல்லை.

கடைசிக் காட்சிக்கு வரவேண்டும். (படம் பார்க்காதவர்கள் இந்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் இதைச் சொல்லாமல் ஏமாற்றத்தைச் சொல்ல முடியாது.) சாமியாடியின் இடத்தில் இவர்களுக்கு முன்னால் வந்த இன்னொரு பெண்ணுக்கு 'வைத்தியம்' நடக்கிறது. பேய் ஓட்டுகிற சாக்கில் அவன் கை போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது. பாண்டி தூரத்தில் நின்று பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. அடுத்தது மீனாவின் முறை. பாண்டி என்ன செய்வான்? படம் முடிந்தது.

முடிவில்லாத முடிவு என்பதில் ஒரு தப்பும் இல்லை. ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி 2011இல் எடுத்த 'எ செப்பரேஷன்' அப்படித்தான் முடியும். பிரியப்போகும் பெற்றோர். யாரோடு இருக்கப் போகிறாய் என்று நீதிபதி மகளைக் கேட்கிறார். முடிவெடுத்துவிட்டேன் என்கிறாள். அப்பாவையும் அம்மாவையும் வெளியே போகச் சொல்கிறார்கள். நடைபாதையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் படம். பதில் தெரியாது, ஆனால் பதில் யாரிடம் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெண்ணிடம். 'கொட்டுக்காளி'யில் கடைசிக் கேள்வி பாண்டியிடம் போய்விடுகிறது. நூறு நிமிடம் ஒரு பெண்ணின் பிடிவாதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால், கடைசியில் அவளுக்கு நல்லது நடப்பதும் நடக்காததும் அடித்த மாமனின் மனசாட்சியைப் பொறுத்தது என்று ஆகிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது எங்கேயோ விழுந்துவிட்டது. அவன் இன்னொரு பெண்ணின் கஷ்டத்தைப் பார்த்துத் திருந்துகிறான் என்றே வைத்துக்கொள்வோம். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவான். அப்புறம்? கட்டிக்கொள்வானா? அந்தப் பையனிடம் அனுப்பிவைப்பானா?

அந்த 'அப்புறம்'தான் கோவில்பட்டி வீடு. மனம் மாறுகிற ஒரு நிமிடத்தை எடுப்பது சினிமாவுக்குச் சுலபம். மாறியும் மாறாமலும் ஒன்பது வருடம் காலண்டருக்குப் பின்னால் காகிதம் செருகிக்கொண்டு வாழ்வதை எடுக்கத்தான் ஆள் இல்லை.

இது வெறும் ரசனை விவகாரமும் அல்ல. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டன. அன்று இந்த வீட்டில் அப்பா எழுந்துபோய் டிவி ஒயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் அம்மாவிடம், "போன் போட்டுக் கேளு" என்றார். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. மகள் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கௌசல்யா பெற்றவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற 5 பேருக்கும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இதெல்லாம் நடந்த நாட்டில், விரும்பியதற்காகத் தண்டிக்கப்படும் ஒரு பெண்ணை வாயில்லாப் பூச்சியாகக் காட்டிவிட்டு, அதை எதிர்ப்பு என்று கொண்டாடச் சொன்னால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

'கொட்டுக்காளி' வந்த அதே நாளில்தான் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது. அது தாமிரபரணிக்கரை, வாழைக்காடு, தார் சுமக்கும் பிள்ளைகள். கோவில்பட்டியும் அதே தூத்துக்குடி மாவட்டம்தான், ஆனால் இங்கே ஆறும் இல்லை, வாழையும் இல்லை. 'வாழை' ஓடியது, 'கொட்டுக்காளி' ஓடவில்லை. உடனே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. ஒரு கட்சி, "இதெல்லாம் விழாவுக்கு எடுத்த படம், தியேட்டருக்கு எதற்கு" என்றது. இன்னொரு கட்சி, "பிடிக்கவில்லை என்றால் உனக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை" என்றது. படம் நன்றாக இருக்கிறது ஆனால் மீனாவை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல யாருக்கும் இடமே இல்லை. நல்ல முயற்சி என்று முதுகில் தட்டி அனுப்புவதைவிட, கூடவே உட்கார்ந்து சண்டை போடுவதுதான் ஒரு இயக்குநருக்குச் செய்கிற மரியாதை என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லையோ.

இந்த மண்ணுக்கு மௌனத்தை எழுதத் தெரியாதா என்ன? இடைசெவல் என்கிற ஒரே ஊரில் இருந்து கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்தார்கள். பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்துவிட்ட மகனும் அப்பனும் காடுகாடாகத் திரிகிறார்கள். எங்கே படுக்கலாம், எதைத் தின்னலாம் என்பதைத் தவிர அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அந்தப் பேச்சுக்குள்ளேயே பாசம் மொத்தமும் ஓடுகிறது. (2019இல் 'அசுரன்' ஆனபோது அதில் வசனம் கூடிப்போனது, அது வேறு கதை.) பூமணியே 1990களில் 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படம் இயக்கினார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்கு விடியுமுன் எழுப்பி அனுப்பப்படும் பிள்ளைகளின் கதை. அந்த பஸ்ஸில் போனவர்களே இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை வைத்து 2008இல் சசி எடுத்த 'பூ' இன்னும் பொருத்தம். பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் மாரி, தங்கராசு என்கிற அத்தை மகன்மேல் சின்ன வயதிலிருந்து உயிரை வைத்திருக்கிறாள். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். இவளுக்கும் வேறு இடத்தில் கல்யாணம். நல்ல புருஷன், பலசரக்குக் கடை. ஒருநாள் ஊருக்குப் போகிறாள், அவன் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. அவன் நன்றாக இல்லை. மாரி உடைந்து அழுகிறாள். என்னவென்று புருஷனுக்கு விளங்கவில்லை. பாட்டும் காமெடியும் உள்ள, விழாக்களுக்கு எடுக்காத படம்தான். ஆனாலும் மாரி சொல்லாமல் வைத்திருந்தது இன்னதென்று பார்க்கிறவர்களுக்கு முழுசாகத் தெரியும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த அழுகை அப்படி அறுக்கிறது. பார்வதிக்கு அது எப்பேர்ப்பட்ட படம்.

இத்தனையையும் அந்தச் சின்ன மகன் அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். வேறு பெயர்களில், வேறு வார்த்தைகளில். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள ஒண்ணுமே செய்யலம்மா. சும்மா உக்காந்திருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல."

"என்னய்யா செய்யணுங்க? வாயத் தொறந்திருந்தா இன்னும் ரெண்டு அடி கூட விழுந்திருக்கும். பேசாம இருந்ததே பெரிய காரியம்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. மீனா சார்பில் வாதாட வந்தவனுக்கு, மீனாவுக்கு வக்கீல் ஏற்கெனவே இருந்தது தெரிந்தது.

"அப்ப உங்களுக்குப் படம் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கல."

"ஏன்?"

அம்மா ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றையும் கவிழ்த்தார். "அதப் பெத்தவளும் கூடத்தானய்யா போறா. அவ முந்தின நாள் ராத்திரி தூங்கியிருப்பாளா? அத ஒரு நிமிசம் காட்டியிருக்கலாம்ல."

எந்த விமர்சனத்திலும் அவன் படிக்காத குறை அது. மீனாவின் மௌனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவன், அந்தக் கூட்டத்தில் இன்னொருத்தி இருந்ததை மறந்துவிட்டான். படத்தில் பெண்கள் அழுகிறார்கள், புலம்புகிறார்கள், அடி வாங்குகிறார்கள். ஆனால் மகளைச் சாமியாடியிடம் கொண்டுபோவது தப்பென்று உள்ளுக்குள் தெரிந்தும் கூடவே போகிற ஒருத்திக்கு என்ன ஓடும்? படம் அந்தப் பக்கமே போகவில்லை. 2015இல் மகள் பையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினபோது, இந்த அம்மா முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாரா? அவனுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கல்லூரிக்குக் கிளம்பும்போது அக்காவிடம் இருந்து போன் வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர். வழக்கம்போல அப்பா ஜன்னலோரம், பேப்பரோடு. தீபாவளிப் பலகாரம், பேரனின் புதுச்சட்டை, கோயம்புத்தூர் மழை எல்லாம் முடிந்து, அவன் போனை வாங்கிக் கேட்டான்.

"அக்கா, கொட்டுக்காளி பாத்தியா?"

"ம், போட்டோம்டா. பாதியில நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"பிள்ள எந்திரிச்சிட்டான்."

"அதுக்கப்புறம் பாக்கலையா?"

"இல்ல." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "கடைசில அந்தச் சேவலை வெட்டிருவாங்களாடா?"

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாசலில் அவன் பைக்குப் பக்கத்தில், அவன் கேட்காத கடலைமிட்டாய்ப் பாக்கெட் இரண்டு இருந்தது.

"காட்டலக்கா" என்றான்.